சுட்ட மண்ணும் பச்சை எலும்பும்

மாமாவுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து மூன்றாம் நாள். வார்டுக்கு வந்த டாக்டர், "உள்ளே நல்ல செராமிக் உருண்டை போட்டிருக்கோம், பயப்படாம நடங்க" என்றார். மாமா தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, "செராமிக்கா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே சுட்டுக் குடுத்திருப்பமே சார்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர் சிரிக்கவில்லை. அவருக்கு விருத்தாசலம் தெரியாது போல.

மாமா 22 வருஷம் விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தவர். மங்கலம்பேட்டையில் காலை பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. திரும்பி வரும்போது தலைமுடி, சட்டைக் காலர், செருப்பு வார், சாப்பாட்டுத் தூக்கின் மூடி என்று எல்லாவற்றிலும் மாவு மாதிரி ஒரு வெள்ளை படிந்திருக்கும். அத்தை அந்தச் சட்டையை வாசலில் நாலு உதறு உதறிவிட்டுத்தான் உள்ளே எடுத்துப்போவார். கொலு பொம்மை, பிள்ளையார், அகல் விளக்கு என்று விருத்தாசலத்துச் சரக்கு உங்கள் வீட்டிலும் ஏதாவது இருக்கும். பழைய வீடுகளில் மீட்டர் பலகையில் இருந்த வெள்ளை ஃபியூஸ் கட்டைகளிலும் அந்த ஊருக்குப் பங்கு உண்டு.

விருத்தாசலத்துக்குப் பழம் பெயர் திருமுதுகுன்றம். வடமொழிப் பெயருக்கும் அதே பொருள்தான்: விருத்தம் என்றால் முதுமை, அசலம் என்றால் மலை. பீங்கானுக்கும் இது பொருந்திப்போகிறது. பீங்கான் மண் என்பதே மூப்படைந்த பாறைதான். ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைக் கனிமம் மழையிலும் காலத்திலும் நைந்து நைந்து வெள்ளைக் களிமண்ணாகிறது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே அந்த வெண்களிமண் கிடக்கிறது.

ஊரில் பாகப்பிரிவினைச் சண்டை வந்தால் தவறாமல் ஒரு வாக்கியம் வந்து விழும்: "சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது." பெரியவர்கள் இதை உறவுக்குச் சொல்கிறார்கள். சூளைக்காரர்களுக்கு இது அன்றாட வேலை. உலர்ந்த களிமண்ணை மறுபடி தண்ணீரில் போட்டால் கரைந்து களியாகும். சூளையில் 500, 600 டிகிரியைத் தாண்டிவிட்டால் கதை மாறிவிடும். களிமண் தன் படிகத்துக்குள் பூட்டி வைத்திருந்த நீர் அப்போது வெளியேறும். அதற்கு மேல் அது களிமண்ணே இல்லை, வேறு பொருள். எத்தனை நாள் ஊறவைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. சுட்ட பொம்மையின் உடைந்த கைக்குப் பச்சை மண்ணில் ஒரு கை செய்து ஒட்டிப் பாருங்கள். உலரும்போது பச்சை மண் சுருங்கும், சுட்ட மண் அசையாது. மறுநாள் காலை கை தரையில் கிடக்கும்.

மருத்துவம் கடந்த அறுபது வருஷமாகச் செய்து பார்ப்பது இந்தப் பழமொழியோடு ஒரு மல்லுக்கட்டு. சுட்டதை உயிருள்ள பச்சை உடம்போடு ஒட்டவைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

மாமாவின் இடுப்பில் இருக்கும் உருண்டை ஒட்டுகிற ஜாதி இல்லை. அது வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டியது. தொடை எலும்பின் தலை ஒரு பந்து, இடுப்பெலும்பில் அதற்கேற்ற கிண்ணம். பந்து தேய்ந்துபோனால் தொடை எலும்புக்குள் ஓர் உலோகக் காம்பை இறக்கி, அதன் தலையில் புதுப் பந்தை மாட்டுவார்கள். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1962இல் உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் ஜோடி சேர்த்தார். இன்றைய இடுப்பு மூட்டு அறுவைகளுக்கு அதுதான் மூலப் பிரதி. கோளாறு பல வருஷம் கழித்துத் தெரிந்தது. நடக்க நடக்கப் பிளாஸ்டிக் தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாக மூட்டுக்குள் கொட்டும். உடம்பில் குப்பை அள்ளும் செல்கள் உண்டு. மேக்ரோஃபேஜ் என்பார்கள், பெருவிழுங்கி என்று வைத்துக்கொள்வோம். கிருமியோ செத்த செல்லோ எது வந்தாலும் விழுங்கிச் செரிப்பது அதன் வேலை. பிளாஸ்டிக் துகளை அது விழுங்கும், ஆனால் செரிக்காது. செரிக்காத எரிச்சலில் அது வெளியிடும் ரசாயனச் சமிக்ஞைகள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடும். கடைசியில் மூட்டைச் சுற்றி எலும்பு அரித்து, காம்பு ஆட ஆரம்பிக்கும். இந்தப் பெருவிழுங்கியை நினைவில் வைத்திருங்கள். கட்டுரையின் பின்பாதியில் இன்னொரு இடத்தில் வரும்.

பிரான்சின் தெற்கே போ என்று ஒரு நகரம் (ஊரின் பெயரே அதுதான், நான் யாரையும் விரட்டவில்லை). 1970இல் அங்கே பியர் பூட்டான் என்ற அறுவை மருத்துவர் பந்து, கிண்ணம் இரண்டையும் அலுமினாவில் செய்து பொருத்தினார். அலுமினா என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. அதே பொருளில் துளி குரோமியம் கலந்து இயற்கை செய்தால் மாணிக்கம். நம் சூளைகளில் பீங்கான் 1200, 1300 டிகிரியில் வேகும். மருத்துவ அலுமினாவுக்கு 1500க்கு மேல் வேண்டும். சுத்தமான பொடியை அழுத்தி, சுட்டு, வைரப் பொடி கொண்டு கண்ணாடி போலத் தேய்த்தெடுப்பார்கள். மூட்டு நீர் அதன் மேல் படலமாகப் பரவிக்கொள்ளும். அதனால் தேய்மானம் மிக மிகக் குறைவு.

பீங்கானின் தீராத குறை நமக்குத் தெரிந்ததே: விழுந்தால் உடையும். இதற்கு வந்த மாற்று சிர்கோனியா. 1975இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதில் ஒரு விசித்திர குணத்தைக் கண்டார்கள். சிர்கோனியாவின் படிகங்களை ஒருவிதமான இறுக்கமான வடிவத்தில் நிறுத்திவைக்க முடியும். எங்காவது விரிசல் தொடங்கினால், அதன் நுனியில் இருக்கும் படிகங்கள் வடிவம் மாறிச் சற்றுப் பருக்கின்றன. பருத்ததும் விரிசல் நெரிந்து நின்றுவிடுகிறது. நெருக்கடி வந்தால் தோளோடு தோள் நிற்கும் ஆட்கள் மாதிரி. பிரான்சில் ஒரு பெரிய நிறுவனம் சிர்கோனியா பந்துகளைச் செய்து உலகமெல்லாம் அனுப்பியது. வருஷக்கணக்கில் பிரச்சினை இல்லை.

1998இல் அந்தத் தொழிற்சாலையில் ஒரு சின்ன மாற்றம். அதுவரை தொகுதி தொகுதியாக அடுக்கிச் சுட்ட சூளைக்குப் பதில், சரக்கு ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவரும் டன்னல் சூளைக்கு மாறினார்கள். மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் மீதிக் கதையைக் கேட்காமலே, "ஆறுறது மாறியிருக்குமே" என்றார். அதேதான். மண்ணும் அச்சும் அப்படியே இருக்க, சூடேறி ஆறும் விதம் மாறினால் சரக்கே மாறும் என்பது சூளைப் பக்கம் நின்ற எவருக்கும் தெரியும். புதுச் சூளையில் வெந்த பந்துகளில் சிலவற்றின் நடுப்பகுதி போதிய இறுக்கம் பெறவில்லை. வெளியே பார்த்தால் குறையில்லை. உடம்புக்குள் ஈரம் பட்டதும் படிகங்கள் விரிசல் வரும்வரை காத்திராமல் தாமாகவே வடிவம் மாறத் தொடங்கின. 2000, 2001 வாக்கில் நோயாளிகளின் இடுப்புக்குள் பந்துகள் உடைந்தன. சுமார் 400. 2001 ஆகஸ்டில் அந்தச் சரக்கையே திரும்பப் பெற்றார்கள்.

செராமிக் டிப்ளமோ படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் கட்சி. உடைந்த பொம்மைக்கு வேறு பொம்மை கொடுத்துவிடலாம். உடைந்த இடுப்புப் பந்தின் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து மறுபடி அறுவை செய்ய வேண்டும்.

இந்த அடிக்குப் பிறகு சிர்கோனியா தனி ஆளாக இடுப்பில் நிற்பது அநேகமாக முடிந்தது. இப்போது பரவலாக இருப்பது அலுமினாவுக்குள் சிர்கோனியாவைக் குறுமணலாகத் தூவிய கலவை. இதில் குரோமியம் சேர்வதால் பந்து வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும். மாமாவின் டிஸ்சார்ஜ் கோப்பில் ஒட்டியிருந்த சீட்டில் 32 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. பெரிய நெல்லிக்காய் அளவில், மாணிக்கத்துக்குத் தூரத்துச் சொந்தமான ஒன்று அவர் தொடைக்குள் இருக்கிறது. அத்தையிடம் அதைச் சொன்னபோது, "என் காதுக்கு ஒரு கல்லு வாங்கித் தராதவரு" என்றார்.

சிர்கோனியா வாய்க்குள் பிழைத்துக்கொண்டது. பல் கிளினிக்கில் இன்று போடும் வெள்ளைக் கவசப் பல் பெரும்பாலும் அதுதான். பாதி வெந்த கட்டியைக் கம்ப்யூட்டர் எந்திரத்தில் பல் வடிவமாகக் கடைந்து, பிறகு முழுதாகச் சுடுவார்கள். சுடும்போது 20 சதவீதம் போல நீளத்தில் சுருங்கும் என்பதால், கடையும்போதே அத்தனைக்குப் பெரிதாகக் கடைய வேண்டும். விருத்தாசலத்தில் அச்சு எடுக்கிறவர் பிள்ளையாரின் தொப்பைக்குப் போடும் அதே கணக்கு.

இதுவரை சொன்ன எதுவும் பழமொழியை வெல்லவில்லை. அலுமினாவையோ சிர்கோனியாவையோ எலும்புக்குள் வைத்தால் உடம்பு சண்டைக்கு வராது, சேர்த்துக்கொள்ளவும் செய்யாது. சுற்றிலும் மெல்லிய நார்த் திசுவால் ஒரு திரை கட்டி, விருந்தாளியைத் திண்ணையிலேயே உட்காரவைத்துவிடும்.

வென்றது வேறொரு ஆள். அதுவும் பஸ் பயணத்தில் தொடங்கியது. 1967இல் அமெரிக்காவில் லேரி ஹென்ச் என்ற பீங்கான் பொறியாளர் ராணுவம் சம்பந்தப்பட்ட ஓர் ஆய்வுக் கருத்தரங்குக்குப் பஸ்ஸில் போகிறார். பக்கத்து இருக்கையில் வியட்நாமிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி. ஹென்ச் கதிர்வீச்சைத் தாங்கும் பொருள்களைப் பற்றிப் பேச, அதிகாரி திருப்பிக் கேட்டாராம், உடம்பு ஏற்றுக்கொள்ளும் பொருள் ஒன்றை உங்களால் செய்ய முடியுமா என்று. குண்டடிபட்ட வீரர்களுக்குப் பொருத்தும் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடம்பு தள்ளிவிட, கை கால்கள் வெட்டப்படுவதை அவர் பார்த்திருந்தார். ஹென்ச் யோசித்த வழி எளிது. எலும்பில் கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. அவை உள்ள ஒரு கண்ணாடியைச் செய்தால் என்ன?

1969இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் அந்தக் கண்ணாடி உருகி வந்தது. 45 சதவீதம் சிலிக்கா, அதாவது மணலின் சாரம். மீதியில் சோடாவும் சுண்ணாம்பும் சரிபாதி, கூடவே 6 சதவீதம் பாஸ்பரஸ் ஆக்சைடு. எலிகளின் தொடை எலும்பில் வைத்த துண்டுகளை ஆறு வாரம் கழித்து எடுக்கப் போன எலும்பு மருத்துவர், வரமாட்டேன் என்கிறதே என்று தொலைபேசியில் ஹென்ச்சிடம் முறையிட்டார். இழுத்தாலும் தள்ளினாலும் அசையவில்லை. எலும்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

எப்படி ஒட்டியது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். கண்ணாடி உடல்நீரில் நனைந்ததும் மேற்பரப்பிலிருக்கும் சோடியம் கழன்று ஓடுகிறது. அந்த இடத்தில் நீரிலிருந்து ஹைட்ரஜன் வந்து உட்காருகிறது. சிலிக்கானும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கைகோத்த முடிச்சுகள் மேற்பரப்பெங்கும் முளைக்கின்றன. சிலனால் என்று பெயர். இவை சேர்ந்து ஈரமான பசைப் படலமாகின்றன. அந்தப் படலம் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் இழுத்துத் தன்மேல் படியவைக்கிறது. படிந்தது மெல்ல மெல்லப் படிகமாகிறது. அந்தப் படிகம் எலும்பின் கனிமத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன். எலும்பு செய்யும் செல்கள் வந்து பார்த்தால் அங்கே அந்நியப் பொருள் எதுவும் தெரியாது, எலும்பு மாதிரி ஒன்றுதான் தெரியும். தங்கள் கொலாஜன் நாரை அதற்குள் நெய்துவிடுகின்றன. சுட்டது தன் தோலை இளக்கிக்கொண்டு மறுபடி பச்சையாகிறது என்று சொல்லலாம். அதனால் ஒட்டுகிறது. ("கண்ணாடி எப்படிய்யா சுட்ட மண் ஆகும்?" என்று மாமா கேட்டார். நியாயம்தான். ஆனால் சூளையும் மணலும் இல்லாமல் இரண்டும் இல்லை.)

இதில் ஒரு நுட்பம். சிலிக்காவை 60 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் கண்ணாடி கெட்டிப்பட்டுக் கரைய மறுக்கும். ஒட்டாது. ஜன்னல் கண்ணாடியை எலும்புக்குள் வைத்தால் அது ஜன்னல் கண்ணாடியாகவே கிடக்கும்.

1980களில் நடுக்காதின் சிற்றெலும்புகளுக்கு மாற்றாக முதலில் சந்தைக்கு வந்த இந்த உயிர்க் கண்ணாடி, இப்போது பல்கூச்சத்துக்கான சில பற்பசைகளில் தூளாக இருக்கிறது. ஜப்பானில் கொகுபோ என்ற ஆய்வாளர், ரத்த நீரில் உள்ள உப்புகளை ஏறக்குறைய அதே அளவில் கலந்து செயற்கை உடல்நீர் ஒன்றைத் தயாரித்தார். புதுப் பொருளை அதில் 36.5 டிகிரியில் ஊறவைத்து, மேலே எலும்புக் கனிமம் படிகிறதா என்று பார்க்கலாம். சென்னையிலோ காரைக்குடியிலோ ஒரு ஆய்வு மாணவி இன்று எலும்புப் பொருள் செய்கிறார் என்றால், முதலில் இந்த நீரில்தான் ஊறவைப்பார். அவருடைய கச்சாப் பொருள் முட்டை ஓடாகவும் இருக்கலாம். ஓடு கால்சியம் கார்பனேட். சுட்டால் சுண்ணாம்பு. பாஸ்பேட்டோடு சேர்த்தால் எலும்பின் கனிமமான ஹைட்ராக்சி அபடைட். நாமக்கல் பக்கத்தில் இருக்கும்போது கால்சியத்துக்கு என்ன பஞ்சம்? திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இந்த அபடைட்டையும் உயிர்க் கண்ணாடியையும் சேர்த்துச் செய்த நுண்துளைக் குறுணைகள், எலும்பில் விழுந்த பள்ளத்தை நிரப்ப இந்திய மருத்துவர்களின் கைக்கு வந்து வருஷங்களாகின்றன.

இதில் ஒரு திருப்பிப் போட்ட வேடிக்கையும் இருக்கிறது. போன் சைனா என்ற விலையுயர்ந்த தேநீர்க் கோப்பையில் பாதிக்குப் பாதி மாட்டெலும்புச் சாம்பல். இருநூறு வருஷத்துக்கு மேலாக எலும்பைச் சுட்டுக் கோப்பை செய்தோம். இப்போது கோப்பைக்காரனின் சூளையில் எலும்பு செய்கிறோம்.

ஆய்வின் தற்போதைய போக்கில் எனக்குப் பிடித்தது எலும்பு சம்பந்தப்பட்டதே இல்லை. சிலிக்காவுக்குப் பதில் போரான் வைத்த கண்ணாடியைப் பஞ்சு மிட்டாய் போல இழை இழையாக இழுத்து, ஆறாத புண்ணில் அடைக்கிறார்கள். அமெரிக்காவில் மிசௌரியில் பிறந்த யுக்தி இது. இழை மெல்லக் கரைந்து கால்சியத்தையும் போரானையும் விடுகிறது, புது ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணில் செய்த சிறு சோதனைகளில், வழக்கமான கட்டைவிட அதிகம் பேருக்குப் புண் ஆறியது. நம் மாவட்டத்தில் விரலில்லாத கால்களைத் தேநீர்க் கடை வாசலிலேயே எண்ணிவிடலாம். இந்தப் பஞ்சு இங்கே மலிவாக வருமானால் இடுப்புப் பந்தைவிட அதற்குத்தான் முதல் வரிசை கொடுப்பேன்.

சரி, மாமாவுக்கு வருவோம். அறுவைக்கு இரண்டு நாள் முன்பு நடந்ததை நான் இன்னும் சொல்லவில்லை.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், ஒரு சின்னப் பெண், மார்பு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நுரையீரலின் மேல்பாதியில் கசகசா தூவியது போலப் புள்ளிகள். நடுவில் நெறிக்கட்டிகளைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம், முட்டை ஓடு மாதிரி. "ஐயா, நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்றார். "பொம்மை வேலைம்மா." "பொம்மைக்கு முன்னாடி?" "பால் மில்லுல. பவுடர் ரூம்." (பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பீங்கான் கலவையை அரைக்கும் எந்திரம்.)

மாமாவுக்கு நாலு வருஷமாக இருமல். போன இடமெல்லாம் டானிக் கொடுத்தார்கள். ஓரிடத்தில் காசநோய் மாத்திரையே தொடங்கி, சளியில் கிருமி இல்லை என்று பிறகு நிறுத்தினார்கள். என்ன வேலை என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

சிலிக்கோசிஸ். மணலின் சாரமான அதே சிலிக்கா, ஆனால் கண்ணாடியாக இல்லாமல் படிகமாக, குவார்ட்ஸாக. பீங்கான் கலவையில் களிமண்ணோடும் ஃபெல்ட்ஸ்பாரோடும் குவார்ட்ஸ் சேர்வது வழக்கம். அரைக்கும்போது, உலர்மாவைக் கொட்டும்போது, காய்ந்த பச்சைப் பாண்டத்தின் பிசிறைச் சுரண்டும்போது, சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்கும்போது அது பறக்கும். கண்ணுக்குத் தெரியும் புழுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். ஆபத்து, தெரியாததில். 5 மைக்ரானுக்கும் கீழே, தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தூள், நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய்விடும். முகத்தில் கட்டும் துண்டின் நெசவு அதற்கு அகலத் திறந்த வாசல்.

அங்கே காத்திருப்பவர் நமக்கு முன்பே அறிமுகமான பெருவிழுங்கி. குவார்ட்ஸ் துகளை விழுங்குகிறது. செரிக்கவைக்கும் பைக்குள் தள்ளுகிறது. துகளின் மேற்பரப்பு அந்தப் பையையே கிழித்துவிடுகிறது. உள்ளே இருந்த செரிமான நொதிகள் செல்லுக்குள்ளேயே கொட்டுகின்றன. 2008இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் அநேகமாக ஒரே சமயத்தில் கண்டுபிடித்தது, இந்தக் கிழிசலை உணர்ந்து அலறும் ஒரு புரத எச்சரிக்கை மணி செல்லுக்குள் இருக்கிறது என்பதை. மணி அடித்ததும் அழற்சி. செல் சாகிறது, துகள் சாவதில்லை. அது அடுத்த பெருவிழுங்கிக்குக் கைமாறும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தழும்பு. தூசியை விட்டு விலகி வருஷங்கள் கழித்தும் தழும்பு வளர்வது இதனால்தான். காவல்காரர்கள் இப்படி மடிந்துகொண்டிருக்கும் நுரையீரலில் காசநோய்க் கிருமி எளிதாகக் குடியேறும். ஒன்றை மற்றொன்றாக நினைத்து ஏமாறுவதும் எளிது, இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

குவார்ட்ஸின் மேற்பரப்பில் பையைக் கிழிப்பது எது? இத்தாலியில் தூரின் பல்கலைக்கழகத்தார் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு விரல் நீட்டியது சிலனால் முடிச்சுகளை நோக்கி. ஆமாம், எலும்பை ஒட்டவைத்த அதே முடிச்சு. பக்கத்து முடிச்சோடு பிணைந்து நின்றால் அவ்வளவு தொல்லை இல்லை. படிகம் உடையும்போது சில முடிச்சுகள் ஒன்றோடொன்று சேராமலும் முழுக்க விலகாமலும் ஒருவித இடைவெளியில் நின்றுவிடுகின்றன. அவைதான் செல்லின் சவ்வைத் தொட்டுக் கிழிக்கின்றன. புதிதாக உடைந்த குவார்ட்ஸ் பழைய தூசியைவிடக் கொடியது என்று தொழில்நோய் மருத்துவர்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்ததற்கு இப்போது மூலக்கூறு அளவில் ஒரு விளக்கம் கிடைத்திருக்கிறது. உயிர்க் கண்ணாடியும் சிலிக்காதான், குவார்ட்ஸும் சிலிக்காதான். ஒன்று கரைந்து வழிவிடுகிறது. மற்றது கரையாமல் உட்கார்ந்து கொல்கிறது.

தீர்வும் பழசு. இங்கிலாந்தின் பீங்கான் மாவட்டமான ஸ்டாஃபோர்ட்ஷயரில் சக்கிமுக்கிக் கல்லை உலர அரைத்து ஆட்கள் செத்ததால், தண்ணீருக்கடியில் அரைக்கும் முறைக்கு தாமஸ் பென்சன் 1726இலேயே காப்புரிமை வாங்கினார். அங்கே சைனா தட்டுகளைச் சூளையில் அடுக்கும்போது வளையாமலிருக்க இடையில் தூவியதும் சக்கிமுக்கித் தூள்தான். அதைத் தடை செய்து வேறு தூள் போடச் சொன்னது 1947ஆம் வருஷத்துச் சட்டவிதி. மாற்றாக வந்த தூள் எது தெரியுமா? அலுமினா. யாருடைய இடுப்புக்குள்ளும் போவதற்கு இருபது வருஷம் முன்பே அது குயவர்களின் நுரையீரலைக் காப்பாற்றியது. என் பார்வையில் அலுமினா செய்த பெரிய வைத்தியம் அதுதான். ஆனால் அதற்கு எந்த மருத்துவமனையும் விளம்பரம் போடாது.

சிலிக்கோசிஸ் வந்த பிறகு திருப்பும் மருந்து இல்லை. தழும்பு வேகத்தைக் குறைக்கும் மருந்துகளைச் சோதிக்கிறார்கள். முற்றியவர்களுக்கு நுரையீரல் மாற்று, அது எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் முன்கூட்டிக் கண்டுபிடிப்பதில்தான் காரியம். எக்ஸ்ரேயில் கசகசா தெரிவதற்குள் பல வருஷம் போய்விடும். மூச்சுக்குழாயின் நுனியில் உள்ள ஒருவகைச் செல்கள் சிசி16 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. சிலிக்கா அந்தச் செல்களைக் கெடுக்கும்போது ரத்தத்தில் அந்தப் புரதம் குறைகிறது. அகமதாபாத்தில் ஐசிஎம்ஆரின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் இதை வைத்து, கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரி ஒரு சோதனைப் பட்டையை உருவாக்கியிருக்கிறது. கொஞ்சம் ரத்தம் போதும். ராஜஸ்தான் 2019இல் தூசியால் வரும் நுரையீரல் நோய்களுக்கென்றே தனிக் கொள்கை வகுத்து நிவாரணம் தருகிறது. சட்டப்படி சிலிக்கோசிஸ் நாடு முழுக்க அறிவிக்கப்பட வேண்டிய நோய். கண்ட டாக்டர் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்கு எழுதியாக வேண்டும். ஆனால் அறிவிக்க முதலில் அடையாளம் தெரிய வேண்டும். அடையாளம் தெரிய, கேட்க வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையில் ஆள் மாறிக்கொண்டே இருப்பான். யார் எத்தனை வருஷம் பவுடர் ரூமில் நின்றார் என்பதற்கு எந்தப் பதிவேடும் இருக்காது. அவர் வாயிலிருந்து வந்தால்தான் உண்டு.

மாமா இப்போது கம்பு ஊன்றி மங்கலம்பேட்டை கடைத்தெரு வரை நடக்கிறார். உருண்டை கச்சிதமாகச் சுழல்கிறது. மூச்சுதான் பாதி வழியில் உட்காரச் சொல்கிறது.

பீங்கான், கல் குவாரி, கிரஷர், கண்ணாடி, மணல் சம்பந்தப்பட்ட எந்த வேலையில் நீங்கள் இருந்திருந்தாலும், உங்கள் வீட்டில் யாராவது இருந்திருந்தாலும் ஒரு வேண்டுகோள். இருமலுக்கு ஆஸ்பத்திரி போகும்போது டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். "கூலி வேலை" என்று சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். "பீங்கான் பட்டறை, பவுடர் ரூம், 22 வருஷம்" என்று சொல்லுங்கள்.